ஞாயிறு மாலைக்குள் முடிகிற கார்: பழைய எம்எக்ஸ்-5-ஆ, பழைய பென்ஸா?

இரண்டு வருடத்துக்கு முன் எனக்கு இரண்டு வாய்ப்பு இருந்தது. ஒன்று மாமாவின் 1991 மெர்சிடிஸ் 200இ, டபிள்யூ124 ரகம். "நீயே எடுத்துக்கடா, எனக்கு இனிமே கீழ படுத்து எழுந்திரிக்க முடியல" என்று சாவியை நீட்டினார். இன்னொன்று இங்கே சிங்கப்பூரில், உட்லண்ட்ஸில் விற்பனைக்கு இருந்த முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5, 1.6 லிட்டர். சும்மா வந்த பென்ஸை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, காசு கொடுத்து மாஸ்டாவை வாங்கினேன். மாமாவுக்கு அன்று வருத்தம்தான். காரணத்தைச் சரியாக எழுதிவைக்க வேண்டும் என்று அப்போதிருந்தே நினைப்பு.

எல்லோருக்கும் தெரிந்ததை முதலில் முடித்துவிடுகிறேன். பென்ஸில் ஐந்து பேர் போகலாம், மாஸ்டாவில் இரண்டு பேர். நெடுஞ்சாலையில் பென்ஸின் அமைதிக்கு மாஸ்டா பக்கத்தில்கூட வராது. 14 வயதைத் தாண்டிய கார்கள் என்பதால் இரண்டுக்கும் சாலை வரியில் 50 விழுக்காடு கூடுதல், வருடா வருடம் பரிசோதனை. சிஓஇ, அதாவது கார் வைத்துக்கொள்ள ஏலத்தில் எடுக்கும் உரிமம், மட்டும் வேறு. 1,597 சிசி மாஸ்டா ஏ பிரிவு, 1,996 சிசி பென்ஸ் பி பிரிவு. 2023 அக்டோபர் ஏலத்தில் ஏ 106,000 வெள்ளி, பி 150,001 வெள்ளி. புதுப்பிக்கும்போது கட்டுவது ஏல விலையின் மூன்று மாதச் சராசரிதான் என்றாலும் இடைவெளி சின்னதில்லை. 35 வயதான கார்களுக்கான கிளாசிக் திட்டத்தில் வருடத்துக்கு 45 நாள்தான் ஓட்டலாம், எனக்கு அது போதாது.

ஆனால் நான் முடிவெடுத்தது இவற்றை வைத்து இல்லை, இடத்தை வைத்து. என் வீடு ஈசூனில் வீவக (அரசு வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி. அங்கே கார் நிறுத்துமிடத்தில் பழுதுபார்க்க விதியில் இடமில்லை. எனக்கு இருப்பது சிலேத்தார் ஹில்ஸில் மாமாவின் தரைவீட்டு முன்வாசல் போர்ச், அதுவும் ஞாயிற்றுக்கிழமை மட்டும். ஒரு கார் நிற்கிற அளவுதான். திங்கள் காலை ஆறரைக்கு அத்தை தன் காரை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குக் கிளம்ப வேண்டும். அதனால் எந்த வேலைக்கும் எனக்கு ஒரே கேள்விதான்: காலையில் பிரித்த காரை இருட்டுவதற்குள் ஓட்டிக்கொண்டு வெளியே போக முடியுமா?

பென்ஸைக் குறை சொல்ல மனசு வரவில்லை. வேலை கற்றுக்கொண்டதே அதில்தான். பானெட்டின் கீல் பூட்டை விடுவித்தால் அது 90 டிகிரிக்கு நேர் நிமிர்ந்து நிற்கும், கைக்கு எங்கும் இடம் உண்டு. ஸ்பார்க் பிளக், டிஸ்ட்ரிபியூட்டர் மூடி, ஃபேன் பெல்ட் எல்லாம் மதியச் சாப்பாட்டுக்கு முன் முடியும். பாகத்துக்கு எல்லை தாண்டி மலேசியாவில் ஜொகூர் பாருவின் ஹாஃப்-கட் கடைகள், அதாவது பழைய கார்களைப் பாதியாக வெட்டிப் பாகங்களுக்கு விற்பவை, இருக்கின்றன. தொட்டியில் முக்கால் பங்கு பெட்ரோலோடு சோதனைச்சாவடியைக் கடந்து போய் வந்தால் சரி.

சிக்கல் பெரிய வேலைகளில். இந்த ஊரில் ஏர்கான் இல்லாமல் மூடிய கார் ஓட்ட முடியாது. டபிள்யூ124-ல் ஏர்கான் எவாப்பரேட்டர் (உள்ளே வரும் காற்றைக் குளிரவைக்கும் பாகம்) ஓட்டையானால் டாஷ்போர்டு முழுவதையும் இறக்க வேண்டும். வொர்க்‌ஷாப்பில் ஏர்கான் வாயுவை எடுத்துவிட்டு வந்து மாமாவும் நானும் அதைச் செய்தோம். 30 வருட வெயில் பார்த்த பிளாஸ்டிக், தொட்ட இடத்தில் எல்லாம் காது காதாக உடைந்தது. மூன்று ஞாயிறு போனது. அந்த மூன்று வாரமும் அத்தை தெருவோரம் நிறுத்தி, மழையில் நனைந்துகொண்டு நடந்து வந்தார். ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

பின்சக்கரங்களிலும் அதே கதை. ஒரு பக்கத்துக்குச் சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஐந்து இரும்புக் கை, எல்லாவற்றிலும் ரப்பர். ஒன்றை மாற்றினால் அடுத்ததன் தளர்ச்சி தெரியும். ஸ்பிரிங்கைக் கழற்ற வேண்டுமானால் உள்ளே நுழைத்து இறுக்கும் தனிக் கருவி வேண்டும், கடையில் கிடைக்கும் சாதாரணக் கொக்கி போதாது. கேஇ-ஜெட்ரானிக் எரிபொருள் அமைப்பைச் சரியாகப் பார்க்க அழுத்தமானி வேண்டும், அதைவிடப் பொறுமை வேண்டும்.

சரி, மாஸ்டா. வாங்கிய இரண்டாம் மாதம் உட்லண்ட்ஸ் சிக்னலில் கிளட்ச் மிதி தரையோடு போய் ஒட்டிக்கொண்டது. மிதியின் அழுத்தத்தைக் கிளட்சுக்குக் கொண்டுபோகும், கீழே இருக்கும் ஸ்லேவ் சிலிண்டர் ஒழுகியிருந்தது, இந்தக் காரில் எல்லோருக்கும் வருவதுதான். இரண்டு போல்ட், ஒரு பைப். பைப்பில் புகுந்த காற்றை வெளியேற்ற மாமாவை உள்ளே உட்காரவைத்தேன்.

"அமுக்குங்க மாமா. பிடிச்சுக்கோங்க... இப்ப விடுங்க."

"அவ்வளவுதானா? காபி ஆறறதுக்குள்ள முடிச்சிட்ட!"

பெரிய வேலை என்றால் டைமிங் பெல்ட், எஞ்சின் வால்வுகளைச் சரியான நேரத்தில் திறக்கவைக்கும் பெல்ட். காலை ஏழுக்குத் தொடங்கினேன். ரேடியேட்டரை இறக்கினால் எஞ்சின் முன்னால் தாராளமாக இடம் கிடைக்கிறது. பெல்ட்டுக்குப் பின்னால் இருக்கும் வாட்டர் பம்ப்பையும் கையோடு மாற்றினேன். வால்வுகளை இயக்கும் இரண்டு கேம் சக்கரத்திலும் 'ஐ', 'இ' என்ற குறிகளுக்கு இடையே பெல்ட்டில் 19 பல் வர வேண்டும். நான்கு முறை எண்ணினேன், பிறகு மாமா ஒரு முறை எண்ணினார். மாலை ஐந்தரைக்கு ஸ்டார்ட் ஆனது. இந்த 1.6 எஞ்சினில் பெல்ட் அறுந்தாலும் வால்வு பிஸ்டனில் இடிக்காது, அதனால் எஞ்சின் உள்ளே உடையாது. முதல் தடவை செய்கிறவனுக்கு அது எவ்வளவு தைரியம் தருகிறது என்பது அன்று புரிந்தது.

எவாப்பரேட்டர் இதில் கிளவ் பாக்ஸுக்குப் பின்னால் தனிப் பெட்டியில் இருக்கிறது, டாஷ்போர்டை இறக்கத் தேவையில்லை. நண்பர் ஒருவர் செய்யும்போது பக்கத்தில் நின்று பார்த்ததுதான், என் கையால் இன்னும் செய்ததில்லை. காரின் எடை ஏறக்குறைய 950 கிலோ என்பதால் சின்ன ஜாக்கே தூக்கிவிடும், அப்புறம் நான்கு ஸ்டாண்டு வைத்துவிட்டுத்தான் கீழே போவேன். தொல்லை இல்லாமல் இல்லை. ஆயில் ஃபில்டரை இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியில் ஒளித்து வைத்திருக்கிறார்கள், ஒவ்வொரு முறையும் சூடான ஆயில் முழங்கை வரை வழிகிறது.

இதற்குப் பெரிய எதிரி நம் மழை. சிங்கப்பூரில் சராசரியாக வருடத்துக்கு 2,100 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிறது. துணிக்கூரையில் விழும் தண்ணீர், சீட்டுக்குப் பின்னால் இரண்டு பக்கமும் இருக்கும் குழாய் வழியே இறங்க வேண்டும். இலைத்தூள் அடைத்தால் அது காருக்குள்ளும் கதவுக்கு அடியில் உள்ள சில் பகுதிக்குள்ளும் போய், தகடு உள்ளிருந்து துருப்பிடிக்கும். மாதம் ஒரு முறை மழமழப்பான நைலான் கம்பியை விட்டுச் சுத்தம் செய்கிறேன், ஐந்து நிமிட வேலை.

பென்ஸில் நான் கை வைத்தது நான்கு சிலிண்டர் 200இ ஒன்றில்தான், ஆறு சிலிண்டர் 300இ பற்றிப் பேச எனக்குத் தகுதி இல்லை. இரவும் பகலும் கார் பிரித்தபடி நிற்கக்கூடிய சொந்த இடம் உங்களுக்கு இருந்தால் பென்ஸையே எடுக்கலாம். 1993 முதல் 1995 வரை வந்ததாக இருந்தால், எஞ்சின் வயரை லேசாக வளைத்துப் பாருங்கள். அந்த வருடங்களில் வந்த வயர் உறை பிஸ்கட் மாதிரி உதிரும்.

மாஸ்டா பார்க்கப் போனால் மழை பெய்த மறுநாள் போங்கள். சீட்டுக்குப் பின்னால் கம்பளத்தைத் தூக்கிக் கையை வையுங்கள். ஈரமாக இருந்தால் கதவுக்கு அடியில், பின்சக்கரத்துக்கு முன்னால் உள்ள தகட்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்த பிறகு விலை பேசுங்கள்.