ஒரு செமஸ்டருக்கு ஜெர்மனி: விடுதியா, வேகேயா?

மே மாதம் பிறந்ததும் ஜூனியர்களிடமிருந்து இந்தக் கேள்வி வந்துவிடும்: "அண்ணா, ஜெர்மனிக்கு ஒரு செமஸ்டர் எக்ஸ்சேஞ்ச் கிடைச்சிருக்கு. ஹாஸ்டலுக்குப் போடவா, வெளிய ரூம் பாக்கவா?" நான் இரண்டிலும் இருந்தவன். எக்ஸ்சேஞ்சில் போன 6 மாதமும் மாணவர் விடுதி. பிறகு முதுகலைக்குத் திரும்பிப் போனபோது மூன்று பேருடன் ஒரு வேகே, அதாவது பங்கு வீடு. இரண்டிலும் அடி வாங்கியிருக்கிறேன். அடி விழுந்த இடம்தான் வேறு.

முதலில் 'ஹாஸ்டல்' என்ற சொல்லை மறந்துவிட வேண்டும். வோன்ஹைம் என்ற ஜெர்மன் மாணவர் விடுதியில் மெஸ் கிடையாது, வார்டன் கிடையாது, பத்து மணிக்கு கேட் சாத்துவதும் கிடையாது. பெரும்பாலும் ஆளுக்கு ஓர் அறை. பெரும்பாலான இடங்களில் இதை நடத்துவது பல்கலைக்கழகம் அல்ல, ஸ்டுடியரெண்டன்வெர்க் என்ற தனி அமைப்பு. அறையில் ஹீட்டர் ஓடவில்லை என்று பல்கலைக்கழகத்துக்கு மெயில் போட்டால் அன்பான பதில் வரும், ஹீட்டர் ஓடாது. பிடிக்க வேண்டிய ஆள் ஹவுஸ்மைஸ்டர், கட்டடத்தைப் பராமரிப்பவர். எங்கள் ஹவுஸ்மைஸ்டர் அலுவலகத்தில் இருந்த நேரமெல்லாம் நான் வகுப்பில் இருந்தேன்.

வெளியே அறை என்றால் பெரும்பாலும் வேகே. WG என்ற எழுத்துகளின் ஜெர்மன் உச்சரிப்பு அது, நம் ஆட்கள் டபிள்யூஜி என்பார்கள். சிலர் சேர்ந்து ஒரு வீட்டை எடுத்து, அறைகளைப் பங்கிட்டு, சமையலறையையும் குளியலறையையும் பொதுவாக வைத்துக்கொள்வது.

விடுதித் தொல்லையில் முக்கால்வாசி சமையலறையில்தான். எங்கள் தாழ்வாரத்தில் 12 அறைக்கு ஒரே சமையலறை. சில விடுதிகளில் ஃப்ரிட்ஜில் பூட்டுப் போடும் தட்டுகள் உண்டு. எங்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. வெண்ணெய், முட்டை, சீஸ் எல்லாம் தானாகத் தேயும். யாரையும் சந்தேகிக்க முடியாது, எல்லோரையும் சந்தேகிக்கலாம். ஒருமுறை உறை ஊற்றி ஹீட்டர் பக்கத்தில் வைத்த பாலை, கெட்டுப்போனது என்று நினைத்து ஒருவர் நல்லெண்ணத்தில் கொட்டிப் பாத்திரத்தையும் கழுவி வைத்திருந்தார். திருடனை மன்னித்துவிடலாம், இவரை என்ன செய்வது?

அதைவிட ஆபத்தானது தாளிப்பு. கடுகும் வரமிளகாயும் எண்ணெயில் விழுந்து நெடி ஏறியதும் நம் கை தானாகச் சமையலறைக் கதவைத் திறக்கும். திறக்கவே கூடாது. தாழ்வாரத்தில் இருக்கும் புகை உணரி பல கட்டடங்களில் நேராகத் தீயணைப்பு நிலையத்தோடு இணைந்தது. வண்டி வந்துவிட்டால் சில நூறு யூரோ பில் வரும், அது கடைசியில் அடுப்படியில் நின்றவர் தலையிலும் விழலாம். கதவைச் சாத்தி, ஜன்னலை முழுக்கத் திறந்து தாளிக்க வேண்டும். இது எனக்குப் பக்கத்து அறைச் சிரியாக்காரர் சொல்லிக்கொடுத்த பாடம். அவருக்கு யார் சொல்லிக்கொடுத்தார்களோ!

வேகேயில் ஃப்ரிட்ஜ் திருட்டு அபூர்வம், இருப்பதே மூன்று நான்கு பேர். ஆனால் இங்கே சண்டை தூசியால் வரும். சமையலறைச் சுவரில் புட்ஸ்பிளான் என்ற துப்புரவு முறைப் பட்டியல் தொங்கும். உங்கள் வாரத்தில் குளியலறையைத் துடைக்காவிட்டால் யாரும் கத்த மாட்டார்கள், மஞ்சள் சீட்டு ஒன்று கண்ணாடியில் ஒட்டியிருக்கும். நம் வீட்டில் அம்மா கத்துவது எவ்வளவு மேல் என்று அன்றுதான் தெரிந்தது. குப்பையை நாலாகப் பிரிக்க வேண்டும், காலி பாட்டில்களை நிறம் பார்த்துத் தெருக்கோடித் தொட்டியில் போட வேண்டும், அதையும் ஞாயிற்றுக்கிழமை போடக்கூடாது. பிறகு ஜன்னல். மைனஸ் 5 டிகிரியிலும் காலையும் மாலையும் சில நிமிடம் ஜன்னலை விரியத் திறந்து காற்றை மாற்றுவது ஜெர்மானியர்களுக்கு மதம் மாதிரி. குளிருக்குப் பயந்து சாத்திவைத்து, துணியையும் அறைக்குள்ளேயே காயப்போட்டால் சுவரில் பூஞ்சை பிடிக்கும். அதன் செலவு உங்கள் டெபாசிட்டிலிருந்துதான் போகும்.

இந்தச் சண்டைகளெல்லாம் உள்ளே போன பிறகு. வேகேயில் பெரிய மலை, உள்ளே போவதுதான். அறைக்கு விளம்பரம் போட்டவர்கள் வரும் ஆட்களை நேர்காணல் செய்வார்கள், அதற்குப் பெயரே காஸ்டிங். சென்னையில் உட்கார்ந்துகொண்டு வீடியோ காலில், அரைகுறை ஜெர்மனில், "நான் ஐந்து மாதம்தான் இருப்பேன்" என்று சொல்பவரை யார் எடுப்பார்கள்? யாராவது ஊருக்குப் போகும் இடைவெளியில் விடும் த்ஸ்விஷன்மீட்டே, அதாவது தற்காலிக உள்வாடகைதான் கிடைக்கும். மோசடிக்காரர்கள் வலை விரிப்பதும் இங்கேதான். படங்கள் பளபளக்கும், வாடகை குறைவு, வீட்டுக்காரர் 'வெளிநாட்டில்' இருப்பார், டெபாசிட் அனுப்பினால் சாவி கூரியரில் வரும் என்பார். வராது.

உண்மையான வீடாகவே இருந்தாலும் ஒன்றைக் கேட்டே ஆக வேண்டும்: ஆன்மெல்டுங் செய்ய முடியுமா? குடியேறிய 2 வாரத்துக்குள் நகராட்சியில் முகவரியைப் பதிய வேண்டும். அதற்கு வீடு தருபவர் கையெழுத்திட்ட சான்று 2015 நவம்பரிலிருந்து கட்டாயம். உள்வாடகை விடும் சிலர், வீட்டுச் சொந்தக்காரருக்குத் தெரியாமல் விடுவதால், "பதிவு மட்டும் வேண்டாம்" என்பார்கள். பதிவு இல்லையென்றால் வங்கி, விசா நீட்டிப்பு என்று ஒவ்வொரு கவுண்டரிலும் முட்டிக்கொண்டு நிற்க வேண்டும். விடுதியில் இந்தத் தலைவலி இல்லை. சாவியோடு அந்தத் தாளும் கைக்கு வந்துவிட்டது.

பணக் கணக்கு. மாணவர் உதவித்தொகையில் வாடகைக்கென்று ஜெர்மன் அரசு வைத்த தொகையே 2024 இலையுதிர் காலத்தில்தான் 360-லிருந்து 380 யூரோ ஆனது. பல ஊர்களில் விடுதி அறை இதற்குள் அடங்கும். மியூனிக் வேகே அறை இந்தக் கணக்கைப் பார்த்துச் சிரிக்கும். டெபாசிட்டுக்குச் சட்டப்படி உச்சவரம்பு 3 மாத வாடகை, அதுவும் ஹீட்டர், தண்ணீர் செலவு சேராத வெறும் வாடகை. வானொலி-தொலைக்காட்சிக் கட்டணம் மாதம் 18.36 யூரோ. டிவியே இல்லாவிட்டாலும் வீட்டுக்கு ஒன்று உண்டு. வேகேயில் நால்வரும் பங்கிட்டுக்கொள்ளலாம். பொதுத் தாழ்வாரத்தில் கதவு திறக்கும் விடுதி அறையோ தனி வீடாகக் கணக்கு, முழுத் தொகையும் உங்களுடையது. விடுதியில் இன்னொரு நஷ்டம்: குளிர்கால செமஸ்டர் வகுப்பு பிப்ரவரியில் முடியும், ஒப்பந்தம் மார்ச் 31 வரை ஓடும். விமானம் ஏறிய பிறகும் காலி அறைக்கு வாடகை கட்டினேன்.

தனியார் நிறுவனங்களின் ஃபர்னிஷ்டு ஸ்டூடியோ பற்றிச் சொல்ல அதிகமில்லை. காசு இருந்தால் எல்லாத் தொல்லையும் தீரும், பேச ஆளும் இருக்காது.

என் கட்சி எது? ஒரு செமஸ்டர் மட்டும் என்றால் விடுதிதான். வெண்ணெய் போனால் போகட்டும், முகவரித் தாள் போகக்கூடாது. ஒரு வருடத்துக்கு மேல் இருந்து, ஜெர்மனும் கொஞ்சம் வந்தால் வேகே. மஞ்சள் சீட்டு ஒட்டியவரோடுதான் நான் மொழியையே கற்றேன். விடுதிப் படிவத்தில் ஒரு வரி உண்டு, பலர் கவனிப்பதில்லை: விடுதிக்குள்ளேயே மூன்று நான்கு அறை சேர்ந்த வேகே. முகவரித் தாள் விடுதி தரும், சமையலறை நால்வருக்கு, வானொலிக் கட்டணமும் நாலில் ஒரு பங்கு. அந்தப் பெட்டி இருந்தால் முதல் விருப்பமாக அதையே டிக் செய்யச் சொல்வேன்.

எதை எடுத்தாலும் கிளம்பும் அவசரத்தில் ஜெர்மன் வங்கிக் கணக்கை மூடிவிடாதீர்கள், தம்பி. டெபாசிட் திரும்ப மாதக்கணக்காகும். மார்ச்சில் சாவி கொடுத்த எனக்கு ஜூலையில் வந்தது, அதிலும் 40 யூரோ குறைவு. காரணம் என்று போட்டிருந்தது: ஃப்ரிட்ஜ் சுத்தம் செய்யப்படவில்லை.