திருச்சியா, மீனம்பாக்கமா: ஆளுக்கு இரண்டாயிரம் மிச்சம் என்ற கணக்கு

"தஞ்சாவூர்லேருந்து சிங்கப்பூர், மூணு பேர். திருச்சியை விட சென்னையில ஆளுக்கு ரெண்டாயிரம் கம்மியா காட்டுது. எதுல போடலாம்?" பள்ளி விடுமுறை நெருங்கினால் இந்தக் கேள்வி எங்கிருந்தாவது வந்துவிடும். டிக்கெட் விலை கொஞ்சம் இறங்கினாலும் வரும். கேட்பவருக்கு ஒரு வரியில் பதில் வேண்டும். ஒரு வரியில் சொல்லிவிடலாம்தான், ஆனால் சொன்ன பிறகு வரும் திட்டுக்கும் தயாராக இருக்க வேண்டும்.

முதலில் காசு. தஞ்சாவூரிலிருந்து மீனம்பாக்கம் ஏறத்தாழ 340 கிலோமீட்டர். டிராப் டாக்ஸியில், அதாவது ஒரு பக்கத்துக்கு மட்டும் வாடகை வாங்கும் காரில், கிலோமீட்டருக்குப் பதினாலு ரூபாய் என்று வைத்தால் 4,760, டிரைவர் பேட்டா 400. போகவர பத்தாயிரத்துச் சொச்சம், சுங்கச்சாவடி தனி. திருச்சி ஏர்போர்ட் அறுபது கிலோமீட்டருக்குள்தான். ஆனால் டிராப் டாக்ஸிக்காரர்கள் குறைந்தது 130 கிலோமீட்டருக்கு வாங்குவார்கள் என்பதால் அதுவும் போகவர நாலாயிரத்தைத் தாண்டும். வித்தியாசம் ஆறாயிரம். மூன்று பேர் டிக்கெட்டில் மிச்சமானதும் ஆறாயிரம். சுங்கமும் வழிச்சாப்பாடும் சேர்ந்தால் நஷ்டம், அது போக இரண்டு பக்கமும் அரை நாள் ரோட்டில் போகும்.

தனி ஆள், ஒரே ஒரு பெட்டி என்றால் இந்தக் கணக்கு அப்படியே புரளும். ரயிலில் போய் தாம்பரத்தில் இறங்கி, உள்ளூர் மின்சார ரயிலில் ஏறி நாலாவது நிறுத்தமான திரிசூலத்தில் இறங்கினால், எதிரில் சுரங்கப்பாதையைக் கடந்ததும் ஏர்போர்ட். செலவு சில நூறு ரூபாய்தான். அவருக்கு இரண்டாயிரம் நிஜமான லாபம். பேருந்தில் போகிறவர் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு: தென்மாவட்டப் பேருந்துகள் 2023 டிசம்பர் கடைசியில் திறந்த கிளாம்பாக்கம் பேருந்து நிலையத்தோடு நின்றுவிடுகின்றன. அங்கிருந்து ஏர்போர்ட் வரைக்குமான ஜி.எஸ்.டி. சாலையை யாரும் நேரக்கணக்கில் சேர்ப்பதில்லை.

இனி திருச்சி. புது முனையத்தின் அழகைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். 1,100 கோடிக்கு மேல் செலவு, 75,000 சதுர மீட்டர், ஸ்ரீரங்கத்து கோபுர வண்ணம், கோலம், சுவர்ச் சித்திரம். 2024 ஜனவரி 2ஆம் தேதி பிரதமர் திறந்து வைத்தார், ஜூனில் பயன்பாட்டுக்கு வந்தது. உச்ச நேரத்தில் 3,500 பேரைத் தாங்கும் கட்டடம். நல்ல கட்டடம்தான், மறுக்கவில்லை. என் எரிச்சல் வேறு இடத்தில். எந்த ஊருக்கு எந்த விமானம், எந்த நேரத்தில், எத்தனை முறை என்ற அட்டவணையில்தான் அது இருக்கிறது.

திருச்சியின் வானம் கிழக்கே திறந்திருக்கிறது, மேற்கே பாதி மூடிக் கிடக்கிறது. சிங்கப்பூர், மலேசியா போன்ற ஆசியான் நாடுகளின் விமான நிறுவனங்களும் இலங்கை நிறுவனமும் கணக்கு வரம்பில்லாமல் வந்து போகலாம் என்று மத்திய அரசு 18 சுற்றுலா ஊர்களைக் குறித்துக் கொடுத்தது, அந்தப் பட்டியலில் திருச்சி இருக்கிறது. ஸ்கூட், ஏர் ஏசியா, பாத்திக் ஏர், ஸ்ரீலங்கன் எல்லாம் இங்கே வருவதற்கு அது ஒரு முக்கியக் காரணம். வளைகுடாவுக்கு அப்படி இல்லை. ஐக்கிய அரபு அமீரகத்துடனான இருதரப்பு விமானப் போக்குவரத்து ஒப்பந்தத்தில் அந்நாட்டு நிறுவனங்கள் இறங்கக்கூடிய ஊர்களில் திருச்சி சேர்க்கப்படவில்லை. இங்கிருந்து துபாய்க்கும் ஷார்ஜாவுக்கும் போகிற ஆட்களுக்குக் குறைவே இல்லை, ஆனால் எமிரேட்ஸ் நினைத்தாலும் இங்கே இறங்க முடியாது. இந்திய நிறுவனம் ஓட்டினால்தான் உண்டு. போட்டி இல்லாத பக்கம் விலை எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. பல வருடமாக மனுக்கள் போகின்றன, பட்டியல் அசையவில்லை.

ஓடுபாதையும் அப்படித்தான். 8,136 அடி. ஏர்பஸ் 320 வகைக்கும் போயிங் 737க்கும் போதும். பெரிய விமானம் முழு எரிபொருளும் முழு ஆளுமாக லண்டனுக்கு நேராகக் கிளம்ப இது போதாது. சென்னையின் பிரதான ஓடுபாதை 12,000 அடி. திருச்சியில் நீட்டிக்க நிலம் எடுக்கும் பேச்சு ஓய்ந்தபாடில்லை.

வெளிநாட்டு நிறுவனங்களின் இந்தச் சிறிய விமானங்கள் திருச்சியில் தங்குவதில்லை என்பதைப் புரிந்துகொண்டால் பாதிச் சிக்கலைத் தவிர்க்கலாம். சிங்கப்பூரிலிருந்தோ கோலாலம்பூரிலிருந்தோ ஒரு விமானம் வருகிறது, சுமார் ஒரு மணி நேரம் நிற்கிறது, அதே விமானம் திரும்பிப் போகிறது. வருவது தாமதமானால் போவதும் தாமதம்தான், மாற்று விமானம் கொட்டகையில் நிற்காது. சிங்கப்பூரிலிருந்து வர நாலு மணி நேரத்துக்குச் சற்று மேல். ஆக, உங்கள் விமானம் கிளம்ப ஐந்து மணி நேரம் இருக்கும்போது, அந்தப் பக்கத்திலிருந்து விமானம் கிளம்பிவிட்டதா என்று விமானத் தடம் காட்டும் செயலியில் பார்த்துவிடலாம். வருகிற விமானத்தின் எண்ணும் போகிற விமானத்தின் எண்ணும் பெரும்பாலும் அடுத்தடுத்து இருக்கும். தாமதம் என்று தெரிந்தாலும் வீட்டிலேயே உட்கார்ந்துவிடாதீர்கள். கவுன்டரைப் பழைய நேரத்துக்கே மூடினாலும் மூடுவார்கள், அதாவது குறித்த நேரத்துக்கு 60 நிமிடம் முன்பு. தாமதம் தெரிந்தால் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பெரிதாகக் கட்டிக்கொள்ளலாம், அவ்வளவுதான் பயன்.

ரத்து ஆனால்தான் சின்ன ஏர்போர்ட்டின் நிஜ முகம் தெரியும். மீனம்பாக்கத்தில் சிங்கப்பூருக்கு அடுத்தடுத்து விமானம் இருக்கும், ஏதாவது ஒன்றில் ஏற்றிவிடுவார்கள். திருச்சியில் அதே நிறுவனத்தின் அடுத்த விமானம் பல நேரம் நாளைக்குத்தான், அதுவும் ஏற்கெனவே நிரம்பியிருக்கலாம். மாற்று விமானம் அல்லது பணம் திரும்ப, இரண்டில் ஒன்று தந்தாக வேண்டும். கவுன்டரில் நிற்கும்போதே, அந்த நிறுவனத்துக்குச் சென்னையிலிருந்தோ கோவையிலிருந்தோ விமானம் இருந்தால் அதில் மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள். கேட்காதவருக்குத் தானாகக் கிடைக்காது. கிடைத்தாலும் அந்த ஊர் வரை போகிற கார் வாடகை உங்கள் தலையில்தான் விழும்.

இதனால்தான் திருச்சியிலிருந்து தனித்தனி டிக்கெட் போட்டு இணைப்பு பிடிக்காதீர்கள் என்று சொல்கிறேன். கோலாலம்பூர் வரை ஒரு நிறுவனம், அங்கிருந்து மெல்போர்னுக்கு வேறொரு நிறுவனம் என்று போட்டால் மலிவாகத் தெரியும். ஏர் ஏசியா இறங்குவது இரண்டாம் முனையம், மலேசியா ஏர்லைன்ஸ் கிளம்புவது முதலாம் முனையம். இமிக்ரேஷன் தாண்டி, பெட்டியை எடுத்து, முனையம் மாறி, மறுபடி கவுன்டரில் போட வேண்டும். மலேசியாவுக்குள் நுழைவதால் டிஜிட்டல் வருகைப் படிவத்தையும் மூன்று நாளைக்குள் முன்னதாக நிரப்பியிருக்க வேண்டும். முதல் விமானம் நாலு மணி நேரம் தாமதமானால் இரண்டாவது டிக்கெட் குப்பைதான். ஏர் ஏசியாவிலேயே ஒரே முன்பதிவாக, பெட்டி நேராகப் போகும்படி போட்டால் இந்த வம்பு இல்லை.

ஆனால் பலரும் கண்டுகொள்ளாத ஒரு வழி இருக்கிறது: கொழும்பு. திருச்சியிலிருந்து ஒரு மணி நேரப் பறப்பு. ஸ்ரீலங்கனில் லண்டன், மெல்போர்ன் வரை ஒரே டிக்கெட், திருச்சியில் போட்ட பெட்டியைக் கடைசி ஊரில்தான் பார்ப்பீர்கள். கொழும்பில் ஏர்போர்ட்டை விட்டு வெளியே போகாதவரை விசா தலைவலியும் இல்லை. முழுச்சேவை நிறுவனம் என்பதால் சாப்பாட்டுக்கும் லக்கேஜுக்கும் தனியாகக் கணக்குப் பார்க்க வேண்டாம். வயதான அப்பா அம்மாவைத் தனியாக அனுப்புகிறவர்கள் சக்கர நாற்காலியை முன்பதிவிலேயே சொல்லிவிட்டால் கைக்குக் கை மாற்றிக் கொண்டுபோய் விடுவார்கள். சின்ன ஏர்போர்ட்டில் இப்படி ஒரு வசதி இருக்கும் என்று எதிர்பார்த்திருக்க மாட்டீர்கள்.

அதே பெரியவர்கள் லண்டனிலிருந்து சென்னை வந்து திருச்சிக்கு மாறுவதை நினைத்துப் பாருங்கள். இறங்கிய முதல் ஊரிலேயே இமிக்ரேஷன், கஸ்டம்ஸ் இரண்டும் முடிக்க வேண்டும் என்பது விதி. பெட்டியை பெல்ட்டிலிருந்து எடுத்து, உள்நாட்டு முனையத்துக்குத் தள்ளிக்கொண்டு போய், மறுபடி போட வேண்டும். தனி டிக்கெட் என்றால் உள்நாட்டு விமானத்தில் 15 கிலோதான், மீதிக்குக் கிலோ கணக்கில் பணம். திருச்சிக்குப் பறக்கும் சின்ன ஏ.டி.ஆர். விமானத்தில் மேல் அலமாரி ஒடுக்கம், பெரிய கைப்பெட்டி ஏறாது.

வருகைக்கு வருவோம். கிழக்கு விமானங்களில் நிறைய இரவில்தான் இறங்குகின்றன. இரண்டு மூன்று ஒன்றாக வந்தால் ஒன்றுக்கு 180 பேர் வீதம் ஐந்நூறு பேர் ஒரே நேரத்தில் வரிசைக்கு வருவார்கள். 3,500 பேர் நிற்கக் கூடம் இருந்து என்ன பயன், ஒரு மணி நேரத்துக்குள் எல்லாம் முட்டிக்கொண்டால்? பகலில் பாதி நேரம் அதே கூடம் காற்று வாங்கும். இதற்கு ஒரு நல்ல மருந்து வந்திருக்கிறது. நம்பகமான பயணிகளுக்கான விரைவு இமிக்ரேஷன் திட்டத்தில் 2025 செப்டம்பரில் திருச்சியும் சேர்ந்தது. இந்தியக் குடிமக்களும் ஓ.சி.ஐ. அட்டை வைத்திருக்கும் வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினரும் இணையத்தில் இலவசமாக விண்ணப்பித்து, ஒருமுறை கைரேகை கொடுத்துவிட்டால், வரிசையில் நிற்காமல் தானியங்கிக் கதவு வழியாகப் போகலாம். வருடத்துக்கு இரண்டு முறை போகிறவர்கள் இதைச் செய்யாமல் வரிசையைத் திட்டுவதில் அர்த்தமில்லை.

இமிக்ரேஷனில் மிச்சம் பிடித்த நேரத்தைக் கஸ்டம்ஸில் கொடுக்க வேண்டியிருக்கும். தங்கத்துக்கும் குருவிகளுக்கும், அதாவது கூலிக்குப் பொருள் கடத்திவரும் ஆட்களுக்கும், பெயர் போன தடம் இது. அதனால் பெட்டிகள் ஸ்கேனைத் தாண்டித்தான் வெளியே போகும். பெல்ட்டில் வரும் பெட்டியில் சாக்பீஸ் குறி இருந்தால் திறந்து காட்டச் சொல்வார்கள் என்று அர்த்தம். பயப்பட ஒன்றுமில்லை, புது போன், லேப்டாப் பில்லைக் கையில் வைத்திருங்கள், அடுத்தவர் கொடுத்த பொட்டலத்தைத் தொடாதீர்கள். நகை விஷயத்தில்தான் பலர் மாட்டுகிறார்கள். வரியில்லாமல் பெண்களுக்கு 40 கிராம், அதாவது 5 பவுன், ஆண்களுக்கு 20 கிராம் என்பது வெளிநாட்டில் ஒரு வருடத்துக்கு மேல் இருந்தவர்களுக்கான சலுகை. நகையாக இருக்க வேண்டும், காசோ கட்டியோ சேராது. சிங்கப்பூர்க் கல்யாணத்துக்கு இங்கிருந்து பதினைந்து பவுன் போட்டுக்கொண்டு போய் ஒரு வாரத்தில் திரும்புகிறவருக்கு அந்தச் சலுகை கிடையாது. போகும்போதே கஸ்டம்ஸில் எக்ஸ்போர்ட் சர்டிபிகேட் வாங்கிக்கொண்டால்தான் திரும்பி வரும்போது நம் நகைதான் என்று நிரூபிக்கலாம். கடை பில்லும் நகையின் படமும் எடுத்துக்கொண்டு வழக்கத்தை விட ஒரு மணி நேரம் முன்னால் போங்கள்.

சென்னைக்கு இன்னொரு பலவீனம் உண்டு, மழை. 2015 டிசம்பரில் நாள் கணக்கில் மூடிக் கிடந்தது. 2023 டிசம்பர் 4இல் மிக்ஜாம் புயல், 2024 நவம்பர் 30இல் ஃபெஞ்சல் புயல், இரண்டுக்கும் மூடினார்கள். ஏர்போர்ட் திறந்திருந்தாலும் தாம்பரம் பக்கம் ரோடு முழுகியிருக்கும். போகிப் பண்டிகைக் காலையில் புகையும் பனியும் சேர்ந்து விமானங்கள் தாமதமாவதும் அங்கே வழக்கம். ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் சிங்கப்பூர் போகிறவர் இரண்டாயிரத்துக்காக மீனம்பாக்கம் போவது வேண்டாத வேலை.

இத்தனை நேரம் திருச்சிக்குப் பரிந்து பேசியிருக்கிறேன். ஆனாலும் துபாய் என்று கேட்டால், விலையைப் பார்த்த கோபத்தில் சென்னைக்குப் போங்கள் என்றுதான் வாயில் வருகிறது. திருச்சிக்கு மதிப்பெண் கேட்டால் பத்துக்கு ஐந்துக்கு மேல் போட மனமில்லை. தஞ்சாவூர்க்காரர் கேட்ட சிங்கப்பூர் டிக்கெட்டைத் திருச்சியிலேயே போடலாம். போடும்போது தேதியை இரண்டு முறை பாருங்கள். 15ஆம் தேதி 00:40 என்று டிக்கெட்டில் இருந்தால் 14ஆம் தேதி ராத்திரிச் சாப்பாடு முடித்துக் கிளம்ப வேண்டும். 15ஆம் தேதி ராத்திரி போய் நின்றால் விமானம் முந்தைய ராத்திரியே போயிருக்கும்.