மலிவு ரெக்கார்டரா, விலை கூடியதா: காசு எங்கே போகிறது?

ஒரு பக்கம் ஜூம் எச்5, டாஸ்காம் டிஆர்-40எக்ஸ் மாதிரி கையில் பிடித்துப் பதிவு செய்யும் கருவிகள். இன்னொரு பக்கம் சவுண்ட் டிவைசஸின் மிக்ஸ்ப்ரீ-6 இரண்டாம் பதிப்பு மாதிரி, அவற்றைவிடப் பல மடங்கு விலை கூடிய பெட்டிகள். நடுவில் ஜூம் எஃப்3, எஃப்6. தொழிலுக்கென்று ஒன்று வாங்க நினைக்கிறவர்கள் எடுத்த எடுப்பில் கேட்பது, எதில் சத்தம் நன்றாகப் பதிவாகும் என்றுதான். பேட்டிகளும் ஆவணப்பட ஒலியும் பதிவு செய்து பழகியவன் என்ற முறையில், நான் அதற்கு முன்னால் வேறொன்றைக் கேட்பேன்: நீங்கள் பதிவு செய்யப்போகும் சத்தத்தை இன்னொரு தடவை எடுக்க முடியுமா, முடியாதா?

ஆனாலும் சத்தத்தின் தரத்தையே முதலில் பார்த்துவிடுவோம், ஏனென்றால் தவறான நம்பிக்கைகள் அதிகம் இருப்பது அங்கேதான். மைக்கிலிருந்து வரும் மெல்லிய மின்குறிப்பைப் பெரிதாக்க ரெக்கார்டருக்குள் இருக்கும் ப்ரீஆம்ப் தானாகவே கொஞ்சம் இரைச்சலைச் சேர்க்கும். எச்5-இல் அது சுமார் மைனஸ் 120 டிபியூ (மின்னழுத்தத்தை டெசிபலில் சொல்லும் அளவு; மைனஸுக்குப் பின்னால் எண் கூடக்கூட இரைச்சல் குறைவு), எஃப்3-யிலும் எஃப்6-இலும் மைனஸ் 127. மிக்ஸ்ப்ரீ தன்னுடையதை மைனஸ் 130 டிபிவி என்று சொல்லும். அது வேறு அளவுகோல், டிபியூவுக்கு மாற்றினால் மைனஸ் 128 பக்கம் வரும். அதாவது நடு விலைக் கருவியும் உச்ச விலைக் கருவியும் இந்த ஒரு விஷயத்தில் கிட்டத்தட்ட ஒன்று.

சரி, மலிவானதற்கும் அவற்றுக்கும் உள்ள அந்த 7 டெசிபல் காதில் கேட்குமா? மைக்கைப் பொறுத்தது. படப்பிடிப்புகளில் அதிகம் பார்க்கும் சென்ஹைசர் எம்கேஎச் 416-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அதன் சொந்த இரைச்சலே 13 டெசிபல், ஒரு பாஸ்கல் ஒலி அழுத்தத்துக்கு 25 மில்லிவோல்ட் தருகிறது. கணக்குப் போட்டால் அந்த மைக்கின் இரைச்சலே எச்5-இன் ப்ரீஆம்ப் இரைச்சலைவிடச் சுமார் 9 டெசிபல் மேலே நிற்கிறது. ப்ரீஆம்ப் அதோடு சேர்ப்பது அரை டெசிபல்தான். எந்தக் காதுக்கும் அது தெரியாது. அதே கருவியில் ஷூர் எஸ்எம்7பி மாதிரி டைனமிக் மைக்கைச் செருகினால் கதை மாறிவிடும், ஏனென்றால் அது தருவது 1.12 மில்லிவோல்ட், 416-ஐவிட 27 டெசிபல் குறைவு. கெயினை, அதாவது ஒலியைப் பெருக்கும் அளவை, ஏற்றிக்கொண்டே போக வேண்டியிருக்கும், கூடவே ப்ரீஆம்பின் 'உஸ்' சத்தமும் ஏறும், அப்போது அந்த 7 டெசிபல் அப்படியே காதில் விழும். மெதுவாகப் பேசும் ஆள் என்றால் இன்னும் மோசம். இதற்குக்கூட கிளவுட்லிஃப்டர் மாதிரி ஒரு சின்ன பூஸ்டரை நடுவில் போட்டுச் சமாளிக்கலாம். ஆகவே எந்த மைக் என்று முடிவு செய்யாமல் ரெக்கார்டர் விலையைப் பார்க்கவே ஆரம்பிக்காதீர்கள்.

மிக மெல்லிய ஒலியையும் மிக உரத்த ஒலியையும் ஒரே கோப்பில் அடக்கும் 32 பிட் ஃப்ளோட் என்ற பதிவு முறையைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. 2019-இல் எஃப்6-ம் மிக்ஸ்ப்ரீயின் இரண்டாம் பதிப்பும் வந்தபோது அது உயர்ரகக் கருவிகளின் அடையாளமாக இருந்தது, இப்போது ஜூம் எச்1எசென்ஷியல் என்ற குட்டிக் கருவியிலேயே வந்துவிட்டது. பேசுகிறவர் திடீரென்று கத்தினாலும் கோப்பில் சத்தம் உடையாது, பிறகு எடிட்டிங்கில் இறக்கிக்கொள்ளலாம். தனியாளாக கேமராவையும் ஒலியையும் சேர்த்துப் பார்க்கிறவர்களுக்கு இது உண்மையிலேயே பெரிய வரம். ஆனால் மைக்கே தாங்காமல் உடைந்த சத்தத்தையும், காற்று அடித்த அடியையும், அறையின் எதிரொலியையும் எந்த ஃப்ளோட்டும் சரி செய்யாது. கேமராவுக்கோ நேரலைக்கோ கருவியிலிருந்து கேபிள் வழியாக அனலாக் ஒலி அனுப்பினால் அந்த வழியில் சத்தம் உடையத்தான் செய்யும், அங்கே நல்ல அனலாக் லிமிட்டர் (சத்தம் எல்லை மீறாமல் அடக்கும் சுற்று) உள்ள மிக்ஸ்ப்ரீயின் அருமை தெரியும். கோப்பும் பெரிதாகும்: 48 கிலோஹெர்ட்ஸ் ஸ்டீரியோவில் ஒரு மணி நேரம் 24 பிட்டில் ஏறக்குறைய 1 ஜிபி, 32 பிட்டில் 1.4 ஜிபி.

இனி என் முதல் கேள்விக்கு வருகிறேன். ஒரு முறை வயதான ஒருவரிடம் நாற்பது நிமிடம் பேட்டி எடுத்தேன், ஒரு மலிவுக் கருவியில். முடியும் தறுவாயில் பேட்டரி போய்விட்டது. புது பேட்டரி போட்டுப் பார்த்தால் கார்டில் கோப்பின் பெயர் இருக்கிறது, அளவு பூஜ்யம். பதிவு எவ்வளவு நீளம் என்ற தகவல் வேவ் கோப்பின் தலைப்பகுதியிலும், கோப்பு எவ்வளவு பெரிது என்ற தகவல் கார்டின் கோப்புப் பட்டியலிலும் இருக்கும். பதிவை நிறுத்தும்போது மட்டும் இவற்றை எழுதும் கருவியில் நடுவே மின்சாரம் போனால், ஒலி கார்டில் கிடந்தாலும் கோப்பு திறக்காது. மீட்பு மென்பொருளை வைத்துப் பாதிதான் கிடைத்தது. அவர் சொன்னதை அதே குரலில், அதே தயக்கத்தோடு இன்னொரு தடவை சொல்ல வைக்க என்னால் முடியவில்லை. இன்றும் அதை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

விலை கூடிய கருவிகளில் காசு போவது பெரும்பாலும் இந்த மாதிரி இடங்களுக்குத்தான். எஃப்6-இல் ஏஏ பேட்டரி, கேம்கார்டர்களில் போடும் எல் வகை பேட்டரி, யுஎஸ்பி-சி என்று மூன்று வழியில் மின்சாரம் கொடுக்கலாம். ஜூமின் இன்னொரு கருவியான எஃப்8என்-இல் இரண்டு எஸ்டி கார்டுகளில் ஒரே நேரத்தில் பதிவாகும். மிக்ஸ்ப்ரீ, பதிவை யுஎஸ்பி டிரைவிலும் ஒரு நகல் எடுத்து வைக்கும். மலிவுக் கருவியில், மைக்குக்குக் கேபிள் வழியாகவே மின்சாரம் கொடுக்கும் 48 வோல்ட் பேன்டம் பவரைப் போட்டதும் இரண்டு ஏஏ பேட்டரிகள் எவ்வளவு வேகமாகக் காலியாகும் என்பது அனுபவப்பட்டவர்களுக்குத் தெரியும்.

அடுத்தது டைம்கோட், அதாவது வீடியோவையும் ஒலியையும் பிறகு சரியாகப் பொருத்துவதற்காக இரண்டிலும் பதியும் நேரக் குறி. எஃப்6-இன் உள் கடிகாரம் ஒரு நாள் முழுக்க ஓடினாலும் அரை ஃபிரேம் அளவுதான் விலகும். சாதாரணக் கருவியின் கடிகாரம் பத்து லட்சத்தில் 20 பங்கு விலகுவதாக வைத்துக்கொண்டால், ஒரு மணி நேரத்தில் 72 மில்லிசெகண்ட், 25 ஃபிரேம் வீடியோவில் ஏறக்குறைய இரண்டு ஃபிரேம். உதடும் குரலும் ஒட்டாமல் போக அது போதும். வீடியோவே எடுக்காதவருக்கு இது எதுவும் தேவையில்லை.

அப்புறம் குமிழ்கள். இருட்டில் மெனுவுக்குள் போய்க் கெயினைத் தேடியவர்களுக்கு, சேனலுக்கு ஒரு குமிழ் என்பதன் மதிப்பு புரியும்.

என்னிடம் கேட்டால் இப்படிச் சொல்வேன். அறைக்குள் உட்கார்ந்து எடுக்கும் பாட்காஸ்ட், பேட்டி என்றால் எச்5 தரமே போதும், மிச்சக் காசை மைக்குக்கும் மூடிய வகை ஹெட்போனுக்கும் கொடுங்கள். காடு, மழை, பறவை என்று மெல்லிய ஒலிகளின் பின்னால் போகிறவருக்கு எஃப்3: இரண்டு எக்ஸ்எல்ஆர் (தொழில்முறை மைக்கைச் செருகும் துளை), குறைந்த இரைச்சல், தொட வேண்டிய கெயினே கிடையாது. நான்கைந்து பேருக்கு லேப்பல் மைக் மாட்டி எடுக்கும் படப்பிடிப்புக்கு எஃப்6. மிக்ஸ்ப்ரீ-6 வாங்கலாம்தான், ஆனால் பெயரில் 6 இருந்தாலும் எக்ஸ்எல்ஆர் நான்குதான் என்பதைக் கவனியுங்கள். தினமும் ஒலிப்பதிவே வேலை, மற்றவர்கள் உங்களை நம்பிக் காத்திருக்கிறார்கள் என்ற நிலை வந்தால் மிக்ஸ்ப்ரீக்குக் காசு போடுவதில் தப்பே இல்லை. திருமணம், மேடைப் பேச்சு போல ஒரே ஒரு தடவை நடப்பதற்கு, விலை கூடிய ஒன்றைவிட மலிவான இரண்டைத் தனித்தனி மைக்கோடு ஒரே நேரத்தில் ஓடவிடுவதுதான் எனக்கு நிம்மதி.

எதை வாங்கினாலும் முதல் வேலைக்குக் கொண்டுபோவதற்கு முன்னால், காலி கார்டைப் போட்டு, பேன்டம் பவரை ஆன் செய்து, பேட்டரி தானாகச் சாகும் வரை பதிவை ஓடவிடுங்கள். பிறகு கார்டை எடுத்துக் கணினியில் போட்டு, கோப்பு திறக்கிறதா என்று பாருங்கள்.