கும்பகோணத்துல பழைய காசு பாத்து சொல்ற கடை: ரோமன் செப்புக் காசு வச்சிருக்கவங்க நம்பி போகலாம்

அம்மாச்சியோட வெத்தலைச் செல்லத்துக்கு அடியில ஒரு குட்டி காசு கெடந்துச்சு, சட்டை பட்டனை விட கொஞ்சம் பெருசு, பச்சையும் கறுப்புமா. அவங்க பொறந்தது கரூர், அமராவதி மணல்ல ரோமன் காசு கெடைக்கிற ஊரு. முதல்ல வேற ஊர்ல ஒரு வியாபாரிகிட்ட காட்டுனேன், சரியா பாக்காமயே ராஜராஜன் காசுன்னுட்டு அம்பது ரூபாய்க்கு கேட்டாரு. டெல்டால செப்புக் காசுன்னாலே ராஜராஜன்தானா? ராஜராஜன் காசுல ஒரு பக்கம் நிக்கிற ஆளு, மறுபக்கம் உக்காந்த ஆளு, பக்கத்துல நாகரி எழுத்துல பேரு இருக்கும், இதுல அப்படி எதுவுமே இல்ல.

அப்புறம்தான் கும்பேஸ்வரர் கோயில் பக்கம் பாத்திரக்கடைகளுக்கு நடுவுல இருக்குற இந்த சின்ன கடைக்கு போனேன். பெரியவர் ஒருத்தர்தான் பாக்குறாரு. நகைக்கடை தராசுல எடை போட்டாரு, ரெண்டு கிராமுக்கு கொஞ்சம் மேல, வெர்னியர்ல 17 மில்லிமீட்டர். அப்புறம் காசை கவுத்து வச்சு டார்ச்சை மேலேர்ந்து அடிக்காம படுக்க வச்சு பக்கவாட்டுல அடிச்சாரு பாருங்க, நெழல் விழுந்ததும் வெறும் மேடு பள்ளமா இருந்தது ஒரு போர்வீரனா மாறிடுச்சு, கையில கேடயம், குதிரையிலேர்ந்து சரியிற ஒருத்தனை ஈட்டியால குத்துறான். எனக்கு புல்லரிச்சிடுச்சு.

"தலைய அப்புறம் பாப்போம் தம்பி, அந்த காலத்து ராஜா மூஞ்சி எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும், பின்பக்கம்தான் பேசும்"னாரு. சுத்தி இருந்த லத்தீன் எழுத்து ஃபெல் டெம்ப் ரெபராட்டியோ, நல்ல காலம் திரும்பிடுச்சுன்னு அர்த்தமாம், கி.பி. 348 வாக்குல ஆரம்பிச்ச காசு வரிசை. முன்பக்கம் பேர்ல பாதிதான் மிச்சம், ஆனா கான்ஸ்டான்ஷியஸ்னு படிக்க முடிஞ்சுது. அதே பேர்ல காலஸ்னு ஒரு இளவரசரும் உண்டு, அவரு காசுல தலையில ஒண்ணும் இருக்காது, இதுல முத்து கோத்த பட்டம் இருக்கு, அதனால இது 337லேர்ந்து 361 வரைக்கும் ஆண்ட ரோமப் பேரரசர் இரண்டாம் கான்ஸ்டான்ஷியஸ்தான்னு முடிச்சாரு.

எந்த ஊர்ல அடிச்சதுன்னு வீரன் காலுக்கு கீழ இருக்குற எழுத்துதான் சொல்லும், அந்தியோக்கியா, அலெக்சாண்ட்ரியா மாதிரி. என் காசுல அந்த இடமே ஓரத்துல வெட்டுப்பட்டு போயிருக்கு. அவரு ஊகமா ஒண்ணு எழுதி குடுக்கல, கவர்ல "ஊர் தெரியவில்லை"ன்னே எழுதுனாரு. இந்த ஒரு வரிக்காகவே நான் இவரை நம்புறேன்.

பித்தளை மாதிரி புளி போட்டு தேய்க்கலாமான்னு கேட்டேன், பதறிட்டாரு. அந்த பச்சைப் படலம்தான் காசை காப்பாத்துதாம், வெளிர் பச்சையா பொடி உதிர்ந்தா மட்டும் நோய், உடனே கொண்டாந்து காட்டணும். நம்ம ஊர் ஐப்பசி மழை ஈரத்துக்கு சிலிக்கா ஜெல் பாக்கெட்டோட டப்பால வைக்க சொன்னாரு. மண்ணுலேர்ந்து தோண்டி எடுத்ததா இருந்தா கலெக்டர் ஆபீசுக்கு தகவல் குடுத்துட்டு வாங்கன்னும் தெளிவா சொல்லிடுறாரு.

பாக்குறதுக்கு நூறு ரூபாய்தான், வாங்குறேன் விக்கிறேன்னு பேச்சே இல்ல. குறைன்னா ரொம்ப மெதுவு, ஒரு காசுக்கு முக்கா மணி நேரம், வாட்ஸ்அப்ல போட்டோ அனுப்புனா பாக்க மாட்டாரு, பைக் நிறுத்த இடமும் இல்ல. அஞ்சுக்கு நாலரை குடுப்பேன். காலையில பத்து மணிக்குள்ள போங்க, வாசல்ல சாய்வா வெயில் விழுற நேரத்துல டார்ச்சே தேவைப்படாது.