போனைப் புடுங்குறதா, பூட்டு போடுறதா, கூட உக்காந்து பேசுறதா? ரெண்டு வருஷம் எல்லாத்தையும் ட்ரை பண்ணின ஒரு அம்மாவோட ஒப்பீடு

எங்க வீட்ல ரெண்டு பேர். பையனுக்கு 13, எட்டாவது. பொண்ணுக்கு 16, பதினொன்னாவது. இந்த ரெண்டு வருஷத்துல போன் விஷயத்துல நான் பண்ணாத வித்தை இல்ல, புடுங்கி பீரோல வச்சு பூட்டியாச்சு, ஆப் போட்டு கன்ட்ரோல் பண்ணியாச்சு, பாஸ்வேர்ட் வாங்கி திருட்டுத்தனமா சாட் படிச்சும் பாத்தாச்சு (பெருமையா சொல்லல), கடைசில உக்காந்து பேசியும் பாத்தாச்சு. சொந்தக்காரங்க கல்யாண வீட்ல பாக்குறப்பல்லாம் "நீ என்ன பண்ற, எது நல்லாருக்கு"ன்னு கேக்குறாங்க, பந்தில உக்காந்துட்டு சொல்லி முடிக்கிற விஷயமா இது, அதான் எழுதிடலாம்னு.

முதல்லயே ஒன்னு சொல்லிடறேன். ஆரம்பத்துல நான் எல்லாத்தையும் "எவ்ளோ நேரம் கொறைஞ்சுது"ங்கிற ஒரே கணக்குல தான் பாத்தேன். இப்ப எனக்கு இன்னொரு கணக்கு இருக்கு: ராத்திரி 11 மணிக்கு போன்ல ஏதோ அசிங்கமா நடந்துடுச்சுன்னா புள்ள என் ரூம் கதவ தட்டுமா தட்டாதா. கீழ எல்லாத்தையும் இந்த ரெண்டு கணக்குலயும் தான் வச்சுப் பாக்கப் போறேன், ஏன்னா ஒன்னுல ஜெயிக்கிறது இன்னொன்னுல கவுந்துடுது.

போனே கெடையாதுன்னு சொல்றது

எங்க அண்ணன் வீட்ல இதான் சட்டம். பையன் இப்ப பத்தாவது படிக்கிறான், பன்னெண்டாவது முடிக்கிற வரைக்கும் அவனுக்கு போன் கெடையாது. நேரக் கணக்குல இதுக்குத்தான் ஃபர்ஸ்ட் மார்க், சந்தேகமே இல்ல. அவன் ஒம்பதரைக்கு தூங்கிடுவான், சாப்பிடும்போது மூஞ்சிய பாத்து பேசுவான். 13 வயசுக்கு கீழ இருக்குற புள்ளைங்களுக்கு நானும் இதத்தான் சொல்வேன், இன்ஸ்டாகிராமே 13க்கு கீழ வராதேன்னு தான் சொல்லுது, நாமதான் அஞ்சாவது படிக்கிறதுக்கு அக்கவுன்ட் ஓபன் பண்ணிக் குடுத்துட்டு ரீல்ஸ் எடுத்து போடுறோம்.

ஆனா பத்தாவது பையனுக்கு? ஹோம்வொர்க் வர்றது கிளாஸ் வாட்ஸ்அப் க்ரூப்ல. அதனால சாயங்காலம் அண்ணி போன் அவன் கைக்குப் போகும். அது பத்தாம, ஒரு நாள் எங்க அம்மா, அதாவது அவனோட ஆத்தா, போன் பண்ணி "ஏண்டி, காலைலயே ஒன்றரை ஜிபி தீந்துடுச்சுன்னு மெசேஜ் வருது, நான் சீரியல் கூட டிவில தான பாக்குறேன்"ன்னு கேட்டாங்க. போய் பாத்தா ஆத்தா போன்ல இன்ஸ்டா இருக்கு, ஐகான எங்கயோ ஃபோல்டருக்குள்ள சொருகி வச்சிருக்கான், 214 ஃபாலோயர்ஸ் வேற. நான் சிரிச்சுட்டேன், அண்ணன் சிரிக்கல.

ஆஸ்திரேலியாவுல 16 வயசுக்கு கீழ சோஷியல் மீடியா கூடாதுன்னு சட்டமே போட்டுட்டாங்க, 2025 டிசம்பர் 10ல இருந்து நடைமுறைல இருக்கு, அத காட்டி அண்ணன் "பாத்தியா, கவர்மென்ட்டே சொல்லுது"ன்னான். ஆனா அந்த சட்டத்துல ஃபைன் கம்பெனிக்கு, 4.95 கோடி ஆஸ்திரேலிய டாலர் வரைக்கும், புள்ளைக்கோ அப்பா அம்மாக்கோ ஒரு ரூபா கெடையாது. அதுவும் இல்லாம அங்க நோக்கம் என்னன்னா கிளாஸ்ல இருக்குற 40 பேரையும் ஒரே நேரத்துல வெளிய கொண்டு வர்றது. இங்க ஒரு வீட்ல மட்டும் தடை போட்டா 39 பேர் உள்ள, நம்ம புள்ள மட்டும் வெளிய. ரெண்டும் ஒன்னு இல்ல.

ஃபேமிலி லிங்க்

கூகுளோட ஆப், நம்ம போன்ல இருந்தே புள்ள போன கன்ட்ரோல் பண்ணலாம், காசு இல்ல, ஆண்ட்ராய்டு போன்னா இது போதும் (புள்ள கைல ஐபோன்னா அதுலயே ஸ்கிரீன் டைம்னு 2018ல இருந்து இருக்கு, கிட்டத்தட்ட அதே வேலை). பையனுக்கு இது தான் போட்டிருக்கேன். ஒரு நாளைக்கு மொத்தம் எவ்ளோ நேரம், எந்த ஆப்புக்கு எவ்ளோ, ராத்திரி எத்தன மணிக்கு லாக் ஆகணும், புது ஆப் இறக்கணும்னா என் போனுக்கு பர்மிஷன் கேட்டு வரும், எங்க இருக்கான்னு மேப்ல தெரியும். சாட்டெல்லாம் படிக்க முடியாது, அது நல்லதுன்னு தான் நெனக்கிறேன்.

பதிமூணு வயசு பையனுக்கு இது நல்லா வேலை செய்யுது, ஏன்னா சண்டை எனக்கும் அவனுக்கும் நடுவுல இல்ல, அவனுக்கும் போனுக்கும் நடுவுல. "அம்மா புடுங்கிட்டா"ங்கிறது போய் "ஒம்பதரைக்கு லாக் ஆயிடும்"னு ஆயிடுச்சு. தொல்லை என்னன்னா நேரம் ஆப்புக்குத்தான் போட முடியும், உள்ள என்ன பாக்குறான்னு அதுக்குத் தெரியாது. யூடியூபுக்கு 45 நிமிஷம்னா பிசிக்ஸ் கிளாஸும் அதே கணக்கு, ஷார்ட்ஸும் அதே கணக்கு. பரீட்சை நேரத்துல பஸ்ல கம்பிய புடிச்சு தொங்கிட்டு நிக்கிறப்ப "இன்னும் 15 நிமிஷம்"னு கேட்டு மெசேஜ் வரும், கெமிஸ்ட்ரியா கிரிக்கெட்டான்னு எப்படி கண்டுபுடிக்கிறது, கண்ண மூடிட்டு ஓகே குடுத்துடுவேன்.

இன்னொன்னு, யூடியூப் ஆப்புக்கு நேரம் போட்டா க்ரோம்ல போய் சைட்டா ஓபன் பண்றான். க்ரோம்லயும் அந்த சைட்ட ப்ளாக் பண்ண ஃபேமிலி லிங்க்லயே வழி இருக்கு, ஆனா அது எனக்கு மூணு வாரம் கழிச்சு தான் தெரிஞ்சுது, அவனுக்கு மூணாவது நாளே வழி தெரிஞ்சுடுச்சு. இவங்க வேகத்துக்கு நாம ஓட முடியாது.

பொண்ணுக்கு இதே ஃபேமிலி லிங்க்க போட்டது தான் நான் பண்ணின பெரிய தப்பு. டியூஷன் முடிஞ்சு ஃப்ரெண்ட்ஸோட பானிபூரி சாப்டுட்டு இருக்கா, நான் மேப்ப பாத்துட்டு "அங்க என்ன பண்ற"ன்னு போன் பண்ணேன். ஒரு வாரம் என்கூட பேசல. 16 வயசுக்கு அது அவமானம், எனக்கு அப்ப புரியல.

இன்ஸ்டா டீன் அக்கவுன்ட்

ஃபேமிலி லிங்க் வீட்டு மெயின் ஸ்விட்ச்னா இது ஒரு ரூமோட ரெகுலேட்டர். போன் மொத்தத்துக்கும் இல்ல, இன்ஸ்டாவுக்கு மட்டும். 2024 செப்டம்பர்ல வெளிநாட்டுல ஆரம்பிச்சு இந்தியாவுக்கு 2025 பிப்ரவரில வந்துச்சு. 18க்கு கீழ புதுசா ஓபன் பண்ணினா அக்கவுன்ட் தானா ப்ரைவேட் ஆயிடும், 16க்கு கீழன்னா பழைய அக்கவுன்ட்டும் ஆயிடும், ஃபாலோ பண்ற ஆளுங்க, ஏற்கனவே பேசினவங்க தவிர மத்தவங்க மெசேஜ் அனுப்ப முடியாது, 60 நிமிஷம் ஆச்சுன்னா வெளிய போன்னு ரிமைன்டர் வரும், ராத்திரி 10ல இருந்து காலை 7 வரைக்கும் நோட்டிஃபிகேஷன் வராது. 16க்கு கீழ இருந்தா இதெல்லாம் தளர்த்த நம்ம ஓகே வேணும். 16, 17ன்னா அவங்களே மாத்திக்கலாம், நாம சூப்பர்விஷன் (நம்ம அக்கவுன்ட்ட புள்ள அக்கவுன்ட்டோட இணைச்சு பாத்துக்குறது) போட்டிருந்தா தான் நம்மள கேக்கும்.

கேக்க நல்லா இருக்குல்ல, ஆனா கவனிங்க, 60 நிமிஷம்ங்கிறது ரிமைன்டர் தான், தள்ளி விட்டுட்டு பாத்துட்டே இருக்கலாம். நெசமாவே நிறுத்தணும்னா சூப்பர்விஷன் போடணும், அதுக்கு புள்ளையும் ஒத்துக்கணும். போட்டா நேரத்த பூட்டலாம், கடைசி ஏழு நாள்ல யார்கிட்ட மெசேஜ் பண்ணிருக்காங்கன்னு பேர் மட்டும் பாக்கலாம், என்ன பேசினாங்கன்னு வராது.

எல்லாத்த விட முக்கியம் பிறந்த வருஷம். எங்க பொண்ணு அக்கவுன்ட்ட நாலு வருஷம் முன்னாடி நான் தான் ஓபன் பண்ணேன், அப்ப 12 வயசுக்கு விடலன்னு என் வருஷம் 1981ன்னு போட்டுட்டேன். இந்த டீன் பாதுகாப்பெல்லாம் ஏன் வரலன்னு பாத்தா அவங்களப் பொறுத்தவரைக்கும் என் பொண்ணு நாப்பத சொச்சம் வயசு பொம்பள! வேலிக்கு ஓணான் சாட்சி கதை தான், ஓணான் நானே. இத படிக்கிறவங்க வேற எதுவும் பண்ண வேணாம், இன்னிக்கு புள்ளைய பக்கத்துல வச்சுட்டு அந்த வருஷத்த மட்டும் செக் பண்ணுங்க.

நேரத்துக்கு ஃபேமிலி லிங்க் ஜெயிக்குது, தெரியாத ஆளுங்கள தள்ளி வைக்க டீன் அக்கவுன்ட் ஜெயிக்குது. ரெண்டையும் சேத்து போடலாம், பையனுக்கு இன்ஸ்டா குடுக்குறப்ப அப்படித்தான் போடுவேன்.

பாஸ்வேர்ட் வாங்கி படிக்கிறது

சுருக்கமா சொல்லிடறேன், வேணாம். ஒரு தடவ பொண்ணு குளிக்கப் போனப்ப படிச்சேன், அவ ஃப்ரெண்டுகிட்ட "எங்கம்மா நடமாடுற சிசிடிவி"ன்னு எழுதிருந்தா. கோவத்துல அத அவகிட்டயே கேட்டுத் தொலச்சேன். அடுத்த வாரம் அவளுக்கு இன்னொரு அக்கவுன்ட் இருந்துச்சுன்னு ஆறு மாசம் கழிச்சு அவளே சொன்னா. நேரக் கணக்குல பூஜ்யம், கதவு தட்டுற கணக்குல மைனஸ்.

உக்காந்து பேசி ரூல் போடுறது

இதுக்கு நேரக் கணக்குல சுமாரான மார்க் தான் தருவேன். எங்க வீட்டு ரூல் ரெண்டே ரெண்டு. ராத்திரி பத்து மணிக்கு எல்லார் போனும், அப்பா போன் உட்பட, ஹால்ல டிவி பக்கத்துல இருக்குற பழைய முறுக்கு டின் மேல சார்ஜ்ல இருக்கணும், இல்லன்னா 20 ரூபா ஃபைன் டின்னுக்குள்ள. ரெண்டாவது, எது நடந்தாலும் எங்ககிட்ட சொன்னதுக்காக போன் புடுங்கப்படாது. இந்த ரெண்டாவது ரூல பொண்ணு தான் எழுத வச்சா, ஃப்ரிட்ஜ்ல காந்தம் வச்சு ஒட்டிருக்கு.

அதோட மதிப்பு எனக்கு ஒரு நாள் ராத்திரி பத்தே முக்காலுக்கு தெரிஞ்சுது. கதவ தட்டிட்டு பொண்ணு வந்தா, மூஞ்சி வெளிறிப் போய். அவ கிளாஸ்மேட் போட்டோவ எவனோ மார்ஃப் பண்ணிட்டு, காசு அனுப்பு இல்லன்னா எல்லாருக்கும் அனுப்புவேன்னு மெரட்டுறான். அந்தப் புள்ள அவங்க அம்மாகிட்ட சொல்லல. ஏன்னு கேட்டா "சொன்னா போன புடுங்கிடுவாங்க ஆன்ட்டி"ங்குது. அவங்க வீட்ல போன் தடை, அந்தப் புள்ள வச்சிருந்ததே அக்காவோட பழைய போன். அதாவது மெரட்டுறவன விட அம்மாவ நெனச்சு தான் அதுக்கு பயம் ஜாஸ்தி. மெரட்டுறவனுக்கும் இது தெரியும், அவன் பொழப்பே அந்த பயத்துல தான் ஓடுது.

காசு அனுப்பாத, சாட்ட டெலிட் பண்ணாத, மெரட்டின மெசேஜ ஸ்கிரீன்ஷாட் எடு, அவன ரிப்போர்ட் பண்ணி ப்ளாக் பண்ணுன்னு சொல்லிட்டு, அவங்க அம்மாகிட்ட நான் பேசினேன். சைபர் க்ரைம் போர்ட்டல்ல கம்ப்ளெய்ன்ட் குடுத்தாங்க. காசு போயிருந்தா 1930க்கு உடனே அடிக்கணும், புள்ளைங்களுக்கு எந்த ஆபத்துன்னாலும் 1098 இருக்கு. 18க்கு கீழ இருக்குறவங்க அந்தரங்க போட்டோ பரவாம தடுக்க டேக் இட் டவுன்னு ஒரு இலவச சர்வீஸ் இருக்கு, போட்டோவ யாருக்கும் அனுப்ப வேண்டாம், நம்ம போன்லயே அதுக்கு ஒரு கைரேகை மாதிரி நம்பர் உண்டாக்கி அத மட்டும் எடுத்துக்குவாங்க, சேந்திருக்குற ஆப்புங்க அத வச்சு தேடி எடுக்கும். இந்த நாலையும் ஒரு பேப்பர்ல எழுதி அந்த ரூலுக்கு கீழயே ஒட்டிட்டேன்.

பேசுறதுன்னா அட்வைஸ் இல்லங்க, ப்ளாக் பண்றது மாதிரி வேலைய சொல்லிக் குடுக்குறதும் தான். ஏசர்னு (ASER) புள்ளைங்க படிப்ப பத்தி எடுக்குற சர்வே இருக்கு, அதோட 2024 ரிப்போர்ட்ல கிராமப்புறத்துல 14ல இருந்து 16 வயசு புள்ளைங்கள கேட்டப்ப, முந்தின வாரம் சோஷியல் மீடியா பாத்தவங்க 76 சதவீதம், படிப்புக்கு போன் யூஸ் பண்ணவங்க 57. சோஷியல் மீடியா பாக்குறவங்கள்ல ஒரு ஆள எப்படி ப்ளாக் பண்றது, ரிப்போர்ட் பண்றதுன்னு தெரிஞ்சவங்க 62 சதவீதம் தான், ப்ரொஃபைல ப்ரைவேட் ஆக்கத் தெரிஞ்சவங்க 55. ஆக கிட்டத்தட்ட பாதி பேருக்கு கதவ சாத்தவே தெரியல. இத எங்க வீட்ல அக்கா தான் தம்பிக்கு சொல்லிக் குடுத்தா, வாட்ஸ்அப்ல தெரியாதவன் க்ரூப்ல சேக்காம இருக்குறதுக்கு கான்டாக்ட்ஸ் மட்டும்னு மாத்துறது வரைக்கும். நான் சொல்லிருந்தா கொட்டாவி விட்டிருப்பான்.

அப்ப எதுதான் எடுக்கிறது

13க்கு கீழன்னா அக்கவுன்ட்டே வேணாம், அண்ணன் கட்சி தான். 13ல இருந்து 15 வரைக்கும் ஃபேமிலி லிங்க்கும் டீன் அக்கவுன்ட்டும் சேத்து, கூடவே அந்த டின். 16 ஆயிட்டா ஃபேமிலி லிங்க்க எடுத்துடுங்க, குறிப்பா மேப்ப. பிறந்த வருஷத்த சரி பண்ணினப்புறம் பொண்ணு அக்கவுன்ட்டுக்கு சூப்பர்விஷன் அவ சம்மதத்தோட தான் போட்டிருக்கேன், "பேர் லிஸ்ட்ட பாத்தேன்னா சொல்லிட்டுப் பாரு"ங்கிறது அவ கண்டிஷன். நம்ம ஊர் டேட்டா பாதுகாப்பு சட்டம் 2023ல 18 வரைக்கும் குழந்தைன்னு தான் வச்சிருக்கு, அவங்க தகவல கம்பெனிங்க எடுக்க பெத்தவங்க சம்மதம் வேணும்குது, ரூல்ஸ் 2025 நவம்பர்ல வந்து படிப்படியா தான் அமலுக்கு வருது. அது முழுசா வர்றதுக்குள்ள என் பையனுக்கு வயசு ஏறிடும்.

அண்ணன் வீட்ல இப்ப ஆத்தா போனுக்கு பின் லாக் போட்டிருக்காங்க. பின் நம்பர் ஆத்தாவுக்கு மறந்துடுதுன்னு பேரன்கிட்ட தான் சொல்லி வச்சிருக்காங்களாம்.

எங்க டின்ல நேத்து வரைக்கும் 340 ரூபா. அதுல 200க்கு மேல அப்பாவோடது, ராத்திரி கிரிக்கெட் ஸ்கோர் பாக்க பாத்ரூம்க்கு போன எடுத்துட்டுப் போனதுக்கு. இத டைப் பண்ணி முடிக்கிறதுக்குள்ள மணி பத்து இருவது, பையன் ஹால்ல இருந்து "அம்மா, இருவது ரூவா"ங்கிறான்.