அச்சான படத்தில் மையா, தோலில் மருதாணியா?
மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் கல்யாணப் பெண்ணுக்கு மருதாணி போடும் அக்காமார்களிடம் லல்லா எஸ்ஸாய்டியின் படங்களைக் காட்டினால் உடனே பிடித்துக்கொள்வார்கள். மொரோக்கோவில் பிறந்த புகைப்படக் கலைஞரான இவர், பெண்களின் முகம், கை, கால், உடுத்திய துணி, பின்னால் தொங்கும் துணி என எல்லாவற்றிலும் மருதாணியால் அரபு எழுத்தை நெருக்கமாக நிரப்பிவிட்டு, அப்புறம்தான் கேமராவைத் தொடுவார். அவ்வளவையும் எழுதி முடிக்க மணிக்கணக்கில் ஆகும்.

ஈரானில் பிறந்த ஷிரின் நெஷாட்டின் வழி வேறு. 1993 முதல் 1997 வரை செய்த 'அல்லாவின் பெண்கள்' வரிசையில், அச்சான கறுப்பு வெள்ளைப் படத்தின் மேல் மையால் பாரசீக வரிகள் எழுதினார். சிலவற்றில் துப்பாக்கியும் உண்டு. பார்வை நேராக நம்மைத் தைக்கும்.

இருவரில் எனக்குப் பிடித்தவர் எஸ்ஸாய்டிதான். ஆண்கள் கையிலேயே இருந்த அரபு அழகெழுத்துக்கலையைப் பெண்களின் மருதாணியால் எழுதியது பெரிய துணிச்சல், அதுவும் ஈரம் காயும்வரை அந்தப் பெண் தன் தோலிலேயே அதை உணர்ந்திருப்பாள்.