பலமநேர் ரோட்டு மரச்செக்கு: எண்ணெய் நல்லது, ஒதுக்குக் கடலைதான் உறுத்துகிறது

குடியாத்தத்திலிருந்து பலமநேர் போகிற ரோட்டில், ஆந்திர எல்லைக்குள் இருக்கிற மரச்செக்கில் கடலை எண்ணெய் வாங்கலாமா என்றால், தாராளமாக வாங்கலாம். மணம், ருசி எல்லாம் நன்றாகவே இருக்கிறது. ஆனால் நான் அந்தக் கடையை நம்புவதற்குக் காரணம் பின்னால் இருக்கிற கொட்டகை. அங்கே அம்மாக்கள் நாலைந்து பேர் உட்கார்ந்து, உடைத்த பருப்பைக் கையால் பொறுக்குகிறார்கள். சுருங்கினது, நிறம் மாறினது, வண்டு துளைத்தது, பச்சையாகப் பூசணம் பூத்தது எல்லாம் தனிச் சாக்குக்குப் போகிறது. மூட்டை இறங்கும்போதே ஈரப்பத மீட்டர் வைத்துப் பார்க்கிறார்கள். "எட்டுக்கு மேல இருந்தா இறக்கவே மாட்டேன் சார்" என்றார் கடைக்கார அண்ணன்.

இந்தப் பொறுக்கல் ஏன் முக்கியம் என்றால், கடலையில் வருகிற ஆஸ்பெர்ஜில்லஸ் ஃப்ளேவஸ் என்ற பூஞ்சை அஃப்ளாடாக்சின் என்ற விஷத்தைச் செய்யும், அது கல்லீரல் புற்றுநோயைக் கொண்டுவரும், வறுத்தாலும் தாளித்தாலும் முழுதாகப் போகாது. 1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சம் வான்கோழிகள் செத்த பிறகு, அவை தின்ற பிரேசில் கடலைப் புண்ணாக்கை ஆராய்ந்துதான் இந்த விஷத்தைக் கண்டுபிடித்தார்கள். 1974-ல் ராஜஸ்தான், குஜராத் பக்கம் பூசணம் பிடித்த மக்காச்சோளம் சாப்பிட்டு நூறு பேருக்கு மேல் இறந்தார்கள்.

பூசணம் கண்ணுக்குத் தெரிந்தால் விஷம் இருக்கிறது, தெரியாவிட்டால் இல்லை என்று கணக்குப் போட முடியாது. பூஞ்சை வளர்வது வேறு, அது விஷம் செய்வது வேறு. விஷம் செய்கிற மரபணுக்கள் இருபத்தைந்துக்கு மேல், ஒரே குரோமோசோமில் ஒன்றை ஒன்று ஒட்டி, சுமார் 75,000 எழுத்து நீளமுள்ள டிஎன்ஏவுக்குள் இருக்கின்றன. அஃப்ல்ஆர் என்ற மரபணு அங்கே மேஸ்திரி மாதிரி, அது குரல் கொடுத்தால்தான் மற்றவை வேலையைத் தொடங்கும். அதற்கும் மேலே லேஏ என்று இன்னொன்று இருப்பதை 2004-ல் கண்டுபிடித்தார்கள், அதை எடுத்துவிட்டால் பூஞ்சை வளரும், விஷம் வராது. ஜப்பானில் சோயா சாஸுக்குப் போடுகிற ஆஸ்பெர்ஜில்லஸ் ஒரைசே இதற்கு மிக நெருங்கிய சொந்தம், அதிலும் இந்த மரபணுக் கூட்டத்தின் மிச்சம் இருக்கிறது, ஆனால் வேலை செய்வதில்லை. ஃப்ளேவஸிலேயே விஷம் செய்யாத ரகங்கள் உண்டு. அமெரிக்காவில் அப்படி ஒன்றை, ஏஎஃப்36 என்று, பருத்தி வயலில் தூவி விஷ ரகத்துக்கு இடமில்லாமல் செய்கிறார்கள். விஷத் தயாரிப்பின் ஆரம்பப் படிக்கான மரபணுவில் ஒரே ஒரு எழுத்து மாறியதால் அதற்கு விஷம் செய்ய வராது.

நம் பக்கத்துக் கடலை பெரும்பாலும் மானாவாரி. காய் முற்றுகிற நேரத்தில் மழை பொய்த்து மண் சூடேறினால் வயலிலேயே பூஞ்சை ஏறிவிடும், அப்புறம் சரியாகக் காயாமல் மூட்டை கட்டினால் இன்னும் கூடும். ஆனால் விஷம் எல்லாப் பருப்பிலும் ஒரே மாதிரி பரவியிருக்காது, கொஞ்சம் கெட்ட பருப்பில்தான் குவிந்திருக்கும், அதனால்தான் கைப்பொறுக்கலுக்கு இவ்வளவு பலன். செக்கு எண்ணெயைச் சுத்திகரிப்பதில்லை என்பதால், உள்ளே போகிற கடலை சுத்தமாக இருப்பதுதான் முதல் காப்பு.

இனி குறைகள். வாசல் போர்டில் "பூஞ்சை நச்சு துளியும் இல்லை" என்று எழுதியிருக்கிறார்கள். லேப் ரிப்போர்ட் கேட்டால் இல்லை. பரிசோதிக்காமல் அப்படி எழுதக்கூடாது, அதை எடுத்துவிட்டு "கையால் பொறுக்கிய கடலை" என்று எழுதினாலே போதும், அது உண்மையும் கூட. விலை சந்தையைவிடக் கூடுதல்தான், கூலியைப் பார்த்தால் எனக்கு நியாயமாகவே படுகிறது.

பெரிய குறை வேறு. பொறுக்கி ஒதுக்கிய கடலை எங்கே போகிறது என்று கேட்டேன். "வேற மில்லுக்குப் போட்டுடுவோம் சார், சும்மா எறியவா முடியும்?" என்றார். அங்கே அது ஆட்டப்பட்டால் விஷத்தில் பெரும்பகுதி புண்ணாக்கில் தங்கும், மாடு அதைத் தின்றால் எம்1 என்ற வடிவில் பாலில் இறங்கும். இதை அவரிடமே சொன்னேன், பொறுமையாகக் கேட்டார், ஆனால் நிறுத்துகிறேன் என்று சொல்லவில்லை. வாங்கப் போகிறவர்கள் நீங்களும் கேளுங்கள், நாலு பேர் கேட்டால் அந்தச் சாக்கை அடுப்புக்கு விறகாகவாவது போடுவார். மாடு வைத்திருப்பவர்கள் புண்ணாக்கை இந்தக் கடையிலேயே, பொறுக்கிய கடலையில் ஆட்டியதுதானா என்று கேட்டு வாங்குங்கள்.